ஏடு போனபின் எஞ்சியது

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நஞ்சீயர், திருவாய்மொழிக்குத் தாம் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படி வியாக்கியானத்தைச் செம்மையாகப் படியெடுத்துத் தருமாறு நம்பூர் வரதராஜரிடம் ஒப்படைத்தார். அவர் ஏடுகளோடு காவிரியைக் கடக்கையில் வெள்ளம் அவற்றை அடித்துச் சென்றது. ஆசார்யனிடம் கேட்ட அர்த்தங்களோ அவர் திருவுள்ளத்தில் தேங்கியிருந்தன. நினைவிலிருந்தே முழுவதையும் எழுதி, ஆங்காங்கே சில விசேஷார்த்தங்களையும் சேர்த்து ஸமர்ப்பித்தார். உகந்த நஞ்சீயர் அவரை 'நம்பிள்ளை' என்று அழைத்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

இந்த ஐதிஹ்யத்தை இக்காலத்தில் நினைக்க வேண்டிய தேவை ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 அன்று இரவு, ஃபெஞ்சல் புயல் அடியேன் வசிக்கும் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது, மின்சாரம் நின்றது. அத்தகைய நாளில் கைப்பேசி அணைந்தால் அதனுடன் எவையெல்லாம் அணைகின்றன? பிள்ளைகளின் தொலைபேசி எண்கள், கடையில் கொடுக்க வேண்டிய பணம், ஏகாதசி என்றைக்கு என்ற தெளிவு ஆகியவற்றோடு, நம்மில் பலருக்கு நித்யாநுஸந்தானமும் அணைந்துவிடுகிறது.

ஆனால், 'கருவியைச் சார்ந்திருக்கிறோமே' என்று வருந்துவது மட்டும் வைஷ்ணவனுக்கு விடையாகாது. தன்காலில் நிற்பதைப் பெருமையாகக் கொள்ளும் மரபன்று நம்முடையது. பாரதந்த்ர்யமே ஆத்மாவின் ஸ்வரூபம் என்கிறார்கள் நம் ஆசார்யர்கள். ஆகவே சார்ந்திருப்பது குற்றமன்று. எதை எதனிடம் ஒப்படைக்கலாம் என்பதே ஆராய வேண்டியது.

வங்கிப் பணியில் இருந்தவன் என்பதால் அடியேனுக்கு ஓர் எடுத்துக்காட்டு தோன்றுகிறது. ஒருவர் தம் கணக்கை இயக்கவும் சொத்தை விற்கவும் மற்றொருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரலாம். ஆனால் அந்தப் பத்திரத்தைக் கொண்டு அவருக்காக உயில் எழுத இயலாது. சில காரியங்களைப் பிறர் கையால் செய்விக்கலாம். சிலவற்றை அவரவரே செய்தாக வேண்டும். பேரேட்டில் கையால் கூட்டிய நெடும்பத்திகளைக் கணினி ஏற்றுக்கொண்டது. அதனால் மனிதன் ஒன்றும் குறைந்துவிடவில்லை, பிழைகளே குறைந்தன. அநுஸந்தானம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. நாலாயிரமும் கைப்பேசியில் இருக்கலாம். கைப்பேசி நமக்காக எம்பெருமானை நினைக்காது. பசித்தவனுக்குப் பதிலாகப் பரிசாரகன் உண்ண முடியுமோ?

இதைக் கருவிகளின் மேல் வெறுப்பு என்று கொள்ள வேண்டா. ஓலையும் எழுத்தாணியும் அக்காலத்துக் கருவிகளே. ஏடு போயிற்று என்று நம்பிள்ளை ஏட்டை வெறுக்கவில்லை. மறுபடியும் ஏட்டில்தான் எழுதினார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் சந்நிதிகளின் கதவுகள் சாத்தியிருந்தபோது, காலக்ஷேபங்களை இல்லங்களுக்குக் கொணர்ந்தவையும் இக்கருவிகளே. கோயில் அருகில் இல்லாத தூரதேசத்து பாகவதர்களுக்கு இவை இன்றும் பேருதவி. இம்மின்னிதழும் அவ்வழியாகவே தேவரீர் கண்களை அடைகிறது. கருவி நெஞ்சுக்கு வழியாக இருக்கும்வரை அது கைங்கர்யம். நெஞ்சின் இடத்தையே பிடித்துக்கொள்ளும்போது இழவு. பாசுரத்தைக் கற்கத் திரையைப் பார்ப்பதற்கும், திரையில் இருக்கிறதே என்று கற்காமலே விடுவதற்கும் உள்ள வாசி பெரிது.

'வயது ஏற ஏற நினைவே நழுவுகிறதே, எதை நம்புவது?' என்று அடியேனைப் போன்ற முதியோர் கேட்கலாம். வராஹ சரமச்லோகத்தில் இதற்கு ஆறுதல் உண்டு. மனமும் உடலும் நலமாக இருக்கையில் ஒருவன் தன்னை நினைத்தால், அவன் கட்டையாய்க் கல்லாய்க் கிடக்கும் அந்திமத்தில் தானே அவனை நினைப்பதாக எம்பெருமான் பூமிப்பிராட்டியிடம் வாக்களிக்கிறான். பெரியாழ்வாரும் அந்திமத்தில் நினைக்கமாட்டாமை கருதி, முன்னமே திருவரங்கத்தெம்பெருமானிடம் விண்ணப்பித்து வைத்தார். நினைவு முற்றும் தவறும் நாளில் நமக்குச் சார்வு அவனுடைய நினைவே. அந்தச் சேமிப்பு மின்சாரத்தை எதிர்பார்ப்பதன்று.

நலமாக இருக்கும் இந்நாளில் நம் பங்கு சிறிதே: நாளுக்கு ஒரு பாசுரம், அதுவும் இயலாதேல் ஓர் அடி. கருவியிலிருந்து கற்று, பின் அதை மூடி வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம்.

அடியேன் ராமாநுஜதாஸன்.