யார் சொல்லி வந்தீங்க?

உங்கள் செல்போனில் 'புரோக்கர் – மாம்பலம்' என்றோ 'வீட்டு புரோக்கர்' என்றோ ஒரு நம்பர் கட்டாயம் இருக்கும். எப்போதோ வீடு மாறியபோது பதிந்தது. அழிக்க மனசு வராது. என்றைக்காவது ஆபீசில் யாராவது, "நல்ல புரோக்கர் யாராச்சும் தெரியுமா?" என்று கேட்பார்கள். உடனே எடுத்துக் கொடுப்பீர்கள். கூடவே, "நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்ப்பீர்கள்.

இந்த வாரம் அந்த 'நான் சொன்னேன்னு சொல்லுங்க' பற்றித்தான்.

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' கணக்கு ஞாபகம் இருக்கும். சில வருட லாபத்தின் சராசரியை எடுத்து, இத்தனை வருடம் என்று பெருக்கி, அதுதான் அந்தக் கடையின் நற்பெயரின் விலை என்று எழுதுவோம். கண்ணுக்குத் தெரியாத சொத்து என்பார் வாத்தியார். வீட்டுத் தரகரிடம் இருக்கிற சொத்தே அது ஒன்றுதான். கடை கிடையாது, சரக்கு கிடையாது. ஒரு டூவீலரும் செல்போனும் போதும். ஆனால் அந்த நற்பெயரில் பெரும்பகுதி அவருடையதல்ல, உங்களுடையது. உங்கள் மச்சான் அவரை நம்புவது, நீங்கள் சொன்னீர்கள் என்பதால்.

இது விவரமான தரகர்களுக்கு நன்றாகவே தெரியும். பத்திரப் பதிவு முடிந்து கமிஷன் கைக்கு வந்ததும் காணாமல் போகிறவர் ஒரு ரகம். இன்னொரு ரகம், அதற்குப் பிறகுதான் வேலையையே ஆரம்பிக்கும். ஈ.பி. கனெக்‌ஷனில் பெயர் மாற்ற வேண்டுமா, சொத்து வரியில் மாற்ற வேண்டுமா, பட்டாவுக்கு மனு போட வேண்டுமா, கூடவே வருவார். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதல் வரிசையில் ஆஜர். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர், டீக்கடைக்காரர், அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் எல்லோரும் அவருக்குத் தோஸ்த். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது ஓனருக்கு அடுத்தபடியாக இஸ்திரிக்காரருக்குத்தான் தெரியும்!

அமெரிக்காவில், டெட்ராய்ட் பக்கத்தில், ஜோ ஜிரார்ட் என்று ஒரு கார் சேல்ஸ்மேன் இருந்தார். 1963-லிருந்து 1978-க்குள் 13,001 கார்களை விற்று கின்னஸில் இடம்பிடித்தவர். அவருடைய கணக்கு எளிமையானது. ஒருவரின் கல்யாணத்துக்கோ சாவுக்கோ சுமார் 250 பேர் வருகிறார்கள். ஆகவே ஒரு கஸ்டமரைப் பகைத்தால் 250 பேரைப் பகைத்ததாக அர்த்தம். வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் கார்டு அனுப்புவார். யாராவது ஆள் அனுப்பி, அந்த ஆள் கார் வாங்கிவிட்டால், அனுப்பியவருக்கு 25 டாலர். இப்படி ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர், வேட்டையில் பறவையை மோப்பம் பிடித்துக் காட்டுகிற நாயின் பெயர். கொஞ்சம் உறைக்கிறதில்லையா?

இங்கேயும் அந்த 25 டாலர் உண்டு. "சார், உங்க ஃப்ரெண்டு அந்த ஃப்ளாட்டை முடிச்சிட்டாரு. இது உங்களுக்கு" என்று ஒரு கவர் வரும். வாங்கலாமா? எனக்கு இதில் பெரிய குழப்பமில்லை. நண்பரிடம் "எனக்கு இவ்வளவு கிடைத்தது" என்று சொல்ல முடிந்தால் வாங்குங்கள். சொல்ல முடியாது என்று தோன்றினால், பதில் உங்களுக்கே தெரிந்துவிட்டது. ஏஜென்டாக இருப்பவர், தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் அதே வேலையில் சொந்தக் கணக்கில் சம்பாதித்தால், நியமித்தவர் அதைக் கேட்டு வாங்கலாம் என்று 1872-லேயே நம் ஒப்பந்தச் சட்டம் எழுதி வைத்துவிட்டது. நீங்கள் நண்பரின் ஏஜென்ட் இல்லை, சட்டம் உங்களைத் தேடி வராது. நண்பர் தேடி வருவார்.

எனக்குக் குழப்பம் வேறு இடத்தில்.

என் பகுதியில் ஒரு தரகர் இருக்கிறார். கமிஷன் போனாலும் போகட்டும் என்று, "இந்த வீடு வேணாம் சார், மூலப்பத்திரம் இல்லை, பேங்க்ல லோன் தரமாட்டான்" என்று சொல்லிவிடுவார். கேட்டால் மறைக்காமல் காரணமும் சொல்கிறார்: "இதை உங்க தலையில கட்டினா எனக்கு ஒரு கமிஷன். கட்டாம விட்டா நீங்க பத்து பேரை அனுப்புவீங்க."

இவர் நல்லவரா, கெட்டிக்காரரா?

ஜெர்மனியில் கான்ட் என்ற தத்துவப் பேராசிரியர் 1785-ல் கிட்டத்தட்ட இதே கேள்வியை எழுப்பினார். அவர் உதாரணத்தில் வருபவர் ஒரு மளிகைக்கடைக்காரர். சின்னக் குழந்தை வந்தாலும் எல்லோருக்கும் சொல்லும் அதே விலைதான் சொல்வார். ஏமாற்றினால் கடைப்பெயர் கெடும் என்ற கணக்கில் அப்படிச் செய்தால், அது நேர்மையான செயல்தான், ஆனால் அதற்கு ஒழுக்கத்தின் மதிப்பு கிடையாது என்றார் கான்ட்.

முதலில் படித்தபோது, சரியான சிடுமூஞ்சி வாத்தியார் என்றுதான் நினைத்தேன். தண்ணி லாரி அளவு குறையாமல் வந்தால் போதாதா? டிரைவர் என்ன மனநிலையில் ஓட்டினார் என்று யாருக்கு வேண்டும்?

ஆனால் அந்தக் குழந்தையைக் கொஞ்சம் யோசியுங்கள். அதன் பின்னால் அம்மா, அப்பா, தெரு என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கூட்டமே இல்லாதவர் வந்தால்? கணவரை இழந்த ஒரு பெரியம்மா. கடைசிக் காலத்தில் மகனோடு இருக்க வெளியூர் போகிறார், இருக்கிற வீட்டை விற்க வேண்டும். கைட்லைன் வேல்யூ என்ன, தெருவில் நிஜமாக என்ன விலை போகிறது, அவருக்குத் தெரியாது. விற்ற மறுநாள் ரயில் ஏறிவிடுவார். யாரையும் அனுப்பப் போவதில்லை, யாரிடமும் குறை சொல்லப் போவதுமில்லை. '250 பேர்' கணக்கில் அவர் பூஜ்யம். பத்து பேரை அனுப்புகிற எனக்குக் கிடைத்த நேர்மை அந்த அம்மாவுக்கும் கிடைக்குமா? நேர்மையின் காரணம் அந்தப் பத்து பேர்தான் என்றால், கிடைக்காது. கான்ட் கேட்டது இதைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாடகைக்கு வீடு தேடிப் போனால் ஓனர் கேட்கிற முதல் கேள்வி, "யார் சொல்லி வந்தீங்க?" கேட்பதற்கு எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! ஆனால் அதற்குள் சாதி, மதம், கறி சாப்பிடுவாயா, தனியாகவா இருக்கப் போகிறாய் என்று நாலைந்து கேள்விகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். 'வெஜிடேரியன் மட்டும்' என்று போர்டு மாட்டினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். போர்டே மாட்டாமல், தெரிந்தவர் மூலம் தெரிந்தவருக்கே கொடுத்துவிட்டால் யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல வேண்டிய சங்கடமே இல்லை. முஸ்லிம் இளைஞருக்கோ, தலித் குடும்பத்துக்கோ, தனியாக வேலை பார்க்கும் பெண்ணுக்கோ அந்த வீடு மறுக்கப்படவில்லை. அப்படி ஒரு வீடு காலியாக இருந்ததே அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்த வேலையைத் தரகர் தனியாகச் செய்வதில்லை. நம் ஆள் நம் ஆளையே அனுப்புகிறோமே, நாமும் சேர்ந்துதான் செய்கிறோம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவான புதிய திட்டங்களில் மனையோ ஃப்ளாட்டோ விற்றுத் தரும் ஏஜென்ட்டும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நல்ல சட்டம். ஆனால் பழைய வீடும் வாடகை வீடும் காட்டுகிற நம்ம தெருமுனைத் தரகர் அதற்குள் வரமாட்டார். டீக்கடையில் காதோடு காதாகப் போகிற சிபாரிசு எந்தச் சட்டத்துக்குள்ளும் வராது.

அந்த மூலப்பத்திரத் தரகரிடமே கேட்டேன். "யாரோட சிபாரிசும் இல்லாம சும்மா வர்றவங்களுக்கு எந்த வீட்டைக் காட்டுவீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"போர்டு மாட்டின வீடுங்கதான் சார்" என்றார்.

எங்கள் பகுதியில் இன்றைய தேதிக்கு போர்டு தொங்குகிற வீடுகள் மூன்று. ஒன்றில் தண்ணீர் வராது. ஒன்று டாஸ்மாக்குக்கு எதிர் வீடு. மூன்றாவது மாடிப் போர்ஷன், மழைக்கு ஒழுகும்.