யாருக்கு எடுப்பா இருக்கணும்?

இடுப்பு பெரிசா? கீழே கறுப்பு, மேலே பளிச் கலர். தொப்பையா? வயிற்றில் சுருக்கம் வைத்த ஒன் பீஸ். நீச்சலுடை வாங்கும் பெண்ணுக்கு இப்படி ஆயிரம் யோசனை சொல்கிறார்கள். 'போட்டுக்கிட்டு நீந்த வசதியா இருக்கா?' என்று கேட்க மட்டும் ஆளில்லை.

2021 ஜூலையில், ஐரோப்பிய பீச் ஹேண்ட்பால் போட்டியில் நார்வே பெண்கள் பிகினி ஜட்டிக்குப் பதிலாக ஷார்ட்ஸ் போட்டு ஆடினார்கள். அபராதம் 1,500 யூரோ! பெண்களின் ஜட்டி பக்கவாட்டில் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. ஆண்கள் ஷார்ட்ஸில் ஆடலாம். ஊரே சிரித்த பிறகுதான் விதியை மாற்றினார்கள். 2016-ல் பிரான்ஸின் கான் நகரக் கடற்கரையில் நேரெதிர் கூத்து: உடம்பை மூடும் புர்கினிக்குத் தடை.

பி.காம். புத்தி எனக்கு. செலவு அவள் கணக்கில், வரவு பார்க்கிறவன் கணக்கில் என்றேன். "ஏன், எனக்காகவே நான் அழகா இருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி. நியாயம்தான். வேட்டியைத் தொப்பைக்கு மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா என்று கண்ணாடி முன் நிற்கிறவன்தானே நானும்.

ஆனால், போன மாதம் ஓட்டல் குளத்தில் அதே தொப்பையோடு யோசிக்காமல் குதித்தேன். அவள் புடவையோடு கரையில்.

"உனக்குத்தான் நீச்சல் தெரியுமே?"

"வாய்க்கால்ல பாவாடையோட நீந்தினவங்க. இங்கே அதுக்குன்னு ஒரு உடம்பு வேணுமாமே!"