ஒரே காற்றில் விழுந்தவை

புயல் வருகிறதென்றால் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று வானொலி சொல்லும், வி.ஏ.ஓ. ஆள்விட்டுச் சொல்வார், இப்போது செல்போனே அலறிச் சொல்கிறது. தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, டார்ச், குடிதண்ணீர், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை, பாலித்தீன் பையில் ரேஷன் கார்டும் பட்டாவும். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அது ஒரு ராத்திரிக்கும் அதற்கடுத்த ஒரு வாரத்துக்கும் ஆன பட்டியல். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், எங்கள் பேராவூரணிப் பக்கத்தைக் கடந்துபோக எடுத்துக்கொண்டது சில மணி நேரம். அது போட்டுவிட்டுப் போன கஷ்டத்திலிருந்து வீடுகள் எழுந்திருக்க வருஷக்கணக்கானது. சில வீடுகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

குடும்பம் ஆயத்தமாக இருக்க வேண்டியது அந்த வருஷங்களுக்குத்தான் என்று நினைக்கிறேன். இயற்கைச் சீற்றத்துக்குத் தனியாக ஒன்று, பணக்கஷ்டத்துக்குத் தனியாக ஒன்று என்று இரண்டு ஏற்பாடுகள் கிடையாது. முதலாவது வந்த வழியிலேயே இரண்டாவதும் வந்துவிடுகிறது.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்துக்குத் தென்னைதான் தெம்பு. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்துசேராத வருஷங்களில் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்கள் ஏராளம். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு, கையில் ரொக்கம். பெண்ணுக்குக் கல்யாணமோ பையனுக்குக் கல்லூரியோ, எதைப் பேசினாலும் "அடுத்த வெட்டுல பாத்துக்கலாம்" என்பதில் போய் முடியும். பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் வைத்த பிள்ளை போடும் என்று நம்பிய ஊர்கள் இவை. அந்த ஒரு ராத்திரியில் தாத்தா காலத்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாயாதவை பாதியில் முறிந்து, கொண்டையில்லாமல் நின்றன. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. ஆக 1,100 ரூபாய். நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர 6, 7 வருஷம் ஆகும். கன்று வைத்து இரண்டாவது கோடை வருவதற்குள், 2020 மார்ச்சில், ஊரடங்கும் வந்துவிட்டது.

கஜா அடித்தபோது சித்தி வீட்டில் நெல்லுக்குக் குறைவில்லை. திண்ணையை ஒட்டிய அறையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. ஆனால் அரைக்க மில் ஓட வேண்டுமே! டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து வேலை பார்த்தும், உள்ளடங்கிய கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. வீட்டுக்கு வீடு போர் இருந்தது. மோட்டார் ஓடாமல் அதில் ஒரு சொட்டு வராது. கயிறும் வாளியும் போட்டு இறைக்கிற கிணற்றையெல்லாம் எப்போதோ குப்பை கொட்டித் தூர்த்தாயிற்று. தெருவில் ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகள் எவ்வளவோ சொல்லியும் தன் கிணற்றைத் தூர்க்க விடாமல் வைத்திருந்தார். அத்தனை குடமும் அங்கேதான் வரிசையில் நின்றது. சித்தி உரலைத் தேடினாள். உலக்கையைக் காணோம். நெல்லை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் அரிசி கடன் வாங்கிப் பொங்கினாள்.

வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, இருப்பதைக் கரண்ட் இல்லாமல் வாயில் வைக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். புழுங்கலரிசியாக ஒரு மாதத்துக்கு, பருப்பும் புளியும், வெயில் காலத்திலேயே போட்ட வத்தலும் வடகமும், அம்மி ஒன்று, விறகடுப்பு ஒன்று. போதும், இதற்கு மேல் பதுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கம்பக்கம் பசித்திருக்க ஒரு வீட்டில் மட்டும் நிறைந்து கிடப்பது எந்த ஊரிலும் நிம்மதியைக் கொடுத்ததில்லை.

ரொக்கம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பத்தும் இருபதும் நூறுமாகக் கொஞ்சம் பணம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். செல்போன் டவர் சாய்ந்துவிட்டால் ஜிபே இல்லை, ஏ.டி.எம்.மும் இல்லை. முன்பெல்லாம் இதைப் பெண்கள் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொண்டார்கள். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் மடித்து வைத்திருந்த சிறுவாடு அத்தனையும் கணவன்மார் கண்ணெதிரே வெளியே வந்தது. அன்றைக்கு விட்டவர்கள்தான், எனக்குத் தெரிந்த சில பெண்கள் அதற்குப் பிறகு சேர்க்கவே இல்லை. இரண்டே வருஷத்தில் கஜா வந்தபோது அவர்கள் கையில் பால் வாங்கக்கூடக் காசில்லை.

சாமானைவிடப் பேச்சுத்தான் கடினம். "நாளைக்கே வருமானம் நின்னுட்டா என்ன செய்யிறது?" என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "நல்ல நாளும் பொழுதுமா என்னத்தடி பேசுற, வாயக் கழுவு" என்பாள் சித்தி. சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அபசகுனம் என்கிற பயத்தில், யாரிடம் எவ்வளவு கடன் என்பதைச் சித்தப்பா சொன்னதில்லை. எந்த மகளிர் கடன் குழுவில் எவ்வளவு எடுத்திருக்கிறாள் என்பதைச் சித்தி சொன்னதில்லை. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காத வீட்டில் எத்தனை மெழுகுவர்த்தி இருந்து என்ன?

கஜாவுக்கு நாலாம் நாள் வெயில் அடித்தது. சித்தி முதல் வேலையாகத் தகரப் பெட்டியிலிருந்து மொய் நோட்டை எடுத்து வாசலில் போட்டாள். ஓடு பறந்துபோன இடம் வழியாக மழை இறங்கி, நோட்டு ஊறிப்போயிருந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு நடுவே ஈர்க்குச்சியை விட்டு நெம்பி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நீல மை ஓடி, ஒரு பக்கத்தில் 2,000 என்பது 3,000 மாதிரியும் தெரிந்தது. "அது ரெண்டுதான், கீழவீட்டுப் பெரியம்மா செஞ்சது" என்றாள் நிமிராமலே. பட்டாவைக்கூட அவள் அவ்வளவு பதற்றமாகத் தேடவில்லை.

காரணம் இருக்கிறது. ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கம் நடக்கிற மொய்விருந்து, வெளியூர்க்காரர்கள் நினைக்கிற மாதிரி வெறும் கறிவிருந்து கிடையாது. ஒரு குடும்பத்துக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை முறை வரும். எல்லோரும் வந்து செய்துவிட்டுப் போவார்கள். ஈடு இல்லை, பத்திரம் இல்லை, வட்டி இல்லை. நாளைக்கு அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கினதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் அவர்கள் தலையில் புது மொய்யாக ஏறும். இதை வைத்துக் கடை திறந்தவர்கள், ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. எந்த வங்கியும் செய்யாத காரியம்.

ஒரு வீடு விழுந்தால் தாங்குகிற ஏற்பாடு அது. 2019 ஆடியில் என்ன ஆயிற்றென்றால், செய்ய வேண்டியவர் வீட்டிலும் மரம் விழுந்திருந்தது. அண்டை வீட்டுக்காரர், கடன் கொடுக்கிற மளிகைக்கடை, காய் வியாபாரி, மட்டை உரிக்கிற ஆள், லாரி வைத்திருக்கிற மைத்துனன் என்று எங்களைத் தாங்க இருந்த அத்தனை பேரும் தென்னையில் பிழைத்தவர்கள். எங்கள் காப்பு முழுவதும் ஒரே காற்று போகிற வழியில் இருந்தது. ஊர் ஒற்றுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு மரத்தை அறுத்து வழிவிட்டது முதல் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சியது வரை அந்த ஒற்றுமைதான். ஆனால் அடுத்த ஆறு வருஷத்துக்கு அது போதவில்லை.

எழுந்த வீடுகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. யாராவது ஒருத்தர் சிங்கப்பூரில் கப்பல் கட்டுமிடத்திலோ கட்டட வேலையிலோ இருந்த வீடு, திருப்பூரில் தையலுக்குப் போன பெண் இருந்த வீடு, ஒரு பென்ஷன் வந்த வீடு, ஆடு மாடு தப்பித்த வீடு. பெரிய வீடு சின்ன வீடு என்பதெல்லாம் அதில் இல்லை. ஒரு கால் இந்த மண்ணுக்கு வெளியே ஊன்றியிருந்ததா என்பதுதான்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனபோது ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கிச் சேமிக்கிற பழக்கம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. அத்தனை கைப்பழக்கம் இருந்தும், பல வீடுகளை நிமிர்த்தியது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசுதான். 2022ல் இலங்கை முழுக்க எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்றபோதும், வெளியே ஓர் ஆள் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த தூரம் பெரிது.

வெளியே அனுப்ப எல்லா வீட்டிலும் பிள்ளை இருக்காது. அவர்களுக்குக் காப்பீடுதான் வெளியே ஊன்றிய கால். தென்னைக்கென்றே ஒன்று அப்போதே இருந்தது. 4 முதல் 15 வயது மரத்துக்கு வருஷத்துக்கு 9 ரூபாய் பிரீமியம், விழுந்தால் 900 ரூபாய். 16 முதல் 60 வயது மரத்துக்கு 14 ரூபாய், விழுந்தால் 1,750 ரூபாய். அந்தப் பிரீமியத்திலும் விவசாயி கட்ட வேண்டியது கால் பங்கு. மீதியைத் தென்னை வளர்ச்சி வாரியமும் மாநில அரசும் ஏற்றன. மரத்துக்கு ஒரு டீக்காசுகூட இல்லை. எங்கள் தெருவில் அதை எடுத்திருந்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. யாரும் வந்து சொல்லவும் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

இதெல்லாம் இல்லாத வீட்டுக்கு மிஞ்சியது கழுத்தில் கிடந்ததும் குழுக் கடனும். நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தவர்கள் ஒருவழியாகத் திருப்பினார்கள். அவசரத்துக்கு மீட்டர் வட்டிக்காரரிடம் போனவர்கள் நகையையும் விட்டு நிலத்தையும் விட்டார்கள். யாரிடம் முதலில் கேட்பது, யாரிடம் கடைசிவரை போகக் கூடாது என்பதை நல்ல நாளிலேயே தீர்மானித்து வைக்க வேண்டும். பசி நேரத்தில் அந்த நிதானம் வராது. எந்த வீட்டையும் பார்த்து நான் கேட்பது ஒன்றுதான்: வருமானம் நின்றால், புதுக்கடன் வாங்காமல் எத்தனை தவணை கட்ட முடியும்? பத்துத் தவணை என்று பதில் வந்தால் அந்த வீட்டைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன், கூரை தகரமாக இருந்தாலும். ஒன்றுகூட முடியாது என்றால், சீட்டையோ சேலையையோ தள்ளிப்போட்டு முதலில் ஒரு கடனை அடைக்கச் சொல்வேன்.

ஆனால் இதை முழுக்க வீட்டின் தலையில் கட்டிவிட முடியாது. ஊரில் இன்னும் கரண்ட் வராத நாளில், வாரத் தவணைக்கு ஆள் வந்தார். குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பத்துப் பேரும் கட்டினால்தான் எழுந்திருப்பேன் என்றார். மேலே ஓடில்லாத வீடு அது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நின்றார்கள். கட்ட முடியாதவளுக்காக மற்றவர்கள் போட்டுக் கட்டினார்கள்; அந்தக் கூச்சம் வருஷக்கணக்கில் அவர்களுக்கு நடுவே இருந்தது.

2020ல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட இடம் கொடுத்தது. அப்போதும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. இயற்கைப் பேரிடர் வந்தால் கடனை மாற்றியமைக்க வங்கிகளுக்கு விதி உண்டு; அந்த விதி இருப்பதே வாரத் தவணைப் பெண்ணுக்குத் தெரியாது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறபோதே, இன்னின்ன வட்டத்தில் இத்தனை மாதம் வசூல் கூடாது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும்படி சட்டம் செய்ய வேண்டும். அந்த அறிவிப்பு முத்திரை போட்ட தாளாகக் குழுத் தலைவியின் கைக்கு வந்துசேர வேண்டும். திண்ணையில் வந்து உட்கார்கிறவரிடம் எடுத்து நீட்ட அவளுக்கு ஒரு தாளாவது வேண்டாமா?