சமரசம் பேசுவோர் மௌனம் காக்கலாமா?

நீதிமன்றப் படி ஏறாமல் பிணக்கைத் தீர்த்துக்கொள்ளுதல் நன்று என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்க இயலாது. வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்பட்ட காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அப்பெரியவர்கள் இருசாரார் கூற்றையும் கேட்டபின் முடிவைத் தாமே கூறினார்கள். இக்காலத்தில் சமரசம் என வழங்கும் முறையோ வேறு. சமரசர் முடிவு கூறுவதில்லை. இருதரப்பாரையும் ஒன்றாகவும் தனித்தனியாகவும் அமர்த்திப் பேசவைத்து, அவர்களே முடிவு காணத் துணை நிற்கிறார்.

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் சமரச மையம் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்து எழுந்த முதல் மையம் அதுவே என்பர். பின்னர் 2023இல் நாடாளுமன்றம் சமரசத்திற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரத்தொடங்கிய அச்சட்டத்தின்படி, பேச்சுவார்த்தை 120 நாட்களில் முடிதல் வேண்டும். இருவரும் இசைந்தால் மேலும் 60 நாட்கள் நீட்டிக்கலாம். எட்டிய உடன்பாட்டிற்கு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பான வலிமை உண்டு.

இம்முறையின் உயிர்நிலை எது? அமெரிக்காவில் சமூகப்பணி ஆற்றிய மேரி பார்க்கர் ஃபாலட் அம்மையார் 1925இல் கூறிய சிறு நிகழ்ச்சி ஒன்று அதனை நன்கு விளக்கும். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறையொன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். அம்மையார் மூட விரும்பினார். ஆளில்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள், சிக்கல் தீர்ந்தது. ஏனெனில் அவருக்கு வேண்டியது காற்று. அம்மையாருக்கு வேண்டியது வாடைக்காற்று தம்மேல் நேராக வீசாதிருத்தல். பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்குமே மனக்குறை எஞ்சியிருக்கும். 'என்ன வேண்டும்' என்பதோடு நில்லாமல் 'எதற்காக வேண்டும்' என்று வினவும் இப்பழக்கத்தை, வகுப்பறையில் ஒரே இருக்கைக்குச் சண்டையிடும் பிள்ளைகளிடம் கையாண்ட ஆசிரியர்கள் பலர். அதற்குப் பெயர் சூட்டத்தான் நமக்குத் தெரியவில்லை!

ஆயினும் எல்லாச் சன்னல்களும் இவ்வாறு எளிதில் திறப்பதில்லை. நம் குடும்பங்களில் அடிக்கடி நேரும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தந்தை மறைந்துவிட்டார். மூதாதையர் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ள வேண்டும். திருமணமாகிச் சென்ற மகள் வந்து அமர்கிறாள். "எனக்கு ஒன்றும் வேண்டாம், அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருந்தால் போதும்" என்கிறாள். சீர்வரிசை செய்தாயிற்றே என்பார் ஒருவர். தாயின் கண்களோ மகளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. விடுதலைப் பத்திரம் ஆயத்தமாக இருக்கிறது. கையொப்பம் ஒன்றே குறை.

அவளது உரிமை யாதென்று அவள் அறிவாளா? இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணராகிய நமக்கும் உரியது. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தபோது, அதற்கு முன்னரே மணமாகிச் சென்றவர்கள் விலக்கப்பட்டனர். நாடு முழுமைக்கும் 2005இல் வந்த திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன்னரே முறைப்படி முடிந்துவிட்ட பிரிவினைகளை மட்டும் இது தொடாது. இவற்றையெல்லாம் சமரசர் அறிவார். அண்ணன் தம்பியும் ஏறத்தாழ அறிவர். அறியாதவள் அவள் ஒருத்தியே. இந்நிலையில் சமரசர் வாய் திறக்கலாமா?

திறக்கலாகாது என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சமரசர் ஒருதரப்புக்குச் சட்டம் எடுத்துரைத்த மறுகணமே மறுதரப்பு அவரை எதிரியின் வழக்கறிஞராகக் காணும். அவர் கையில் ஆணை இல்லை, அதிகாரம் இல்லை; இருவரும் வைத்த நம்பிக்கை ஒன்றே அவரது முதல். அதனை இழந்தால் உடன்பாடும் போகும், உறவும் போகும். மேலும், அவளே மனமுவந்து விட்டுக்கொடுக்கையில் இடையே புகுந்து ஆசையைக் கிளறுவது யார் வேலை என்றும் கேட்பர்.

நம் அறநூல்கள் இவ்விடத்தில் கூர்மையான ஒரு விளக்கை ஏற்றி வைத்துள்ளன. இல்லறத்தார்க்குரிய பொய்யாமை விரதத்தின் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் கூறுமிடத்து, பிறர் மறைவில் கூறியதை வெளியிடுதலும் ஒரு குற்றம். பேசியவற்றை வெளியிடலாகாது என்று இன்றைய சமரசச் சட்டம் விதிப்பதும் இதனையே. அதே வரிசையில் நியாசாபஹாரம் என்பதும் உள்ளது. அடைக்கலமாகப் பொருள் வைத்த ஒருவன் அளவை மறந்து குறைத்துக் கேட்கிறான்; வாங்கி வைத்தவன் "ஆம், அவ்வளவுதான்" என்று கொடுத்தனுப்புகிறான். கேட்டதைக் கொடுத்தாயிற்று, கேட்டவனும் மனநிறைவோடு சென்றான். இருந்தும் அது குற்றமே என்றனர் ஆசாரியர்கள். தன் பங்கின் அளவறியாத மகள் "ஒன்றும் வேண்டாம்" என்பதும், சுற்றியிருப்போர் "நல்லது" என்பதும் இதனின்று எவ்வளவு தொலைவு?

அநேகாந்தத்தைத் துணைக்கழைத்து, எல்லார் பக்கமும் உண்மை உண்டு, ஆகவே சமரசர் பேசாதிருப்பதே முறை என்பாரும் உளர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. எந்த நிலையிலிருந்து நோக்கினால் எது உண்மை என்று பிரித்துச் சொல்லக் கற்பிப்பதே சியாத்வாதம். உழுது பாடுபட்ட தம்பியின் உழைப்பு ஒரு நோக்கில் உண்மை. அதற்குரிய மதிப்பைப் பேச்சில் சேர்க்கட்டும். பட்டாவில் எத்தனை சென்ட் உள்ளது என்பது நோக்கைப் பொறுத்ததன்று.

ஆதலின் சமரசர் செய்யத்தக்கது யாதெனில், சட்டநிலையை ஒருத்தியின் செவியில் ஓதாமல், முதல் அமர்விலேயே அனைவர்க்கும் ஒருசேர அறிவித்துவிடுதல். 'நீ கேள்' என்று தூண்டுதல் வேறு. 'உள்ளது இது' என்று அறிவித்தல் வேறு. அறிந்தபின்னும் அவள் விட்டுக்கொடுப்பாளாயின், அதனைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. அப்போதுதான் அதற்குத் தானம் என்னும் பெயரும் பொருந்தும். (கணவன் கைக்கு அஞ்சி நடுங்கும் பெண்ணை அவனெதிரே அமர்த்திச் சமரசம் பேசுவது பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பு.)

2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் சமூகச் சமரசம் என்றொரு பகுதியும் உண்டு. ஓர் ஊரின் அமைதி குலையத்தக்க பிணக்குகளில், அவ்வூரார் மதிக்கும் மூவர் அமர்ந்து பேசலாம் என்பது அதன் ஏற்பாடு. நம் ஊர்களில் அத்தகைய மூவர் அமரும் நாள் வருமாயின், ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது நம் விருப்பம். அங்கு எழுதப்படும் உடன்பாட்டிற்குத் தீர்ப்பாணையின் வலிமை கிடையாது. நிலத்தைப் பொறுத்தவரை பத்திரப் பதிவு அலுவலகத்திற்குத் தனியே செல்லவேண்டியிருக்கும். அவ்விரண்டு நாட்களுக்கும் இடையே ஒரு மாத இடைவெளி விட்டு, பட்டா, சிட்டா நகல்களையும் பத்திர வரைவையும் மகளின் கையிலேயே கொடுத்து, அவள் தன் வீட்டில் அமர்ந்து படிக்கும்படி அனுப்பி வைக்கலாம்.