விஹார யாத்திரையும் தர்ம யாத்திரையும்

ஒரு பயணம் எப்போது யாத்திரையாகிறது? செல்லும் இடம் புனிதமானதாக இருந்தால் மட்டும் போதுமா? அல்லது செல்பவரின் உள்ளமும் அதற்குத் தகுதி பெற வேண்டுமா? ஆன்மீக வாழ்வில் நாட்டம் கொண்டோர் அனைவரும் என்றேனும் எதிர்கொள்ளும் கேள்வி இது. பயண வசதிகள் பெருகிவிட்ட இந்நாளில் இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. கோயில், குகை, ஏரி, பூங்கா, கடைத்தெரு ஆகிய அனைத்தும் ஒரே நாளில் கண்டு முடிக்கப்படுகின்றன. மாலையில் வீடு திரும்புபவரிடம் புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் காலையில் புறப்பட்ட மனிதரே மாலையில் திரும்பி வந்திருக்கிறாரா, அல்லது அவருக்குள் ஏதேனும் மாறியிருக்கிறதா?

இதை ஆராய்வதற்கு மும்பை மாநகரம் ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. பழமையான பௌத்தக் குகைகளும், யாத்திரையைப் பற்றி ஒரு பேரரசர் பொறித்த கல்லெழுத்தும், உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து பார்க்கும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பும் அங்கே ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை.

கரிய மலையின் குகைகள்

மும்பையின் வடபகுதியில், சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் கன்ஹேரி குகைகள் உள்ளன. கரிய மலை எனப் பொருள்படும் கிருஷ்ணகிரி என்ற சொல்லின் திரிபே கன்ஹேரி. தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது விடுமுறை நாளின் பயணம். தாராவியினர் மாஹிமில் மின்ரயில் ஏறிப் போரிவிலியில் இறங்குகின்றனர். பூங்கா வாயிலிலிருந்து காட்டுவழியில் சில கிலோமீட்டர் சென்றால் குகைகளின் அடிவாரம் வருகிறது. சிறுத்தைகள் உலவும் அக்காட்டுக்குள் வார்லி பழங்குடியினரின் சிற்றூர்களும் உள்ளன.

கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இம்மலையில் பௌத்தத் துறவியர் வாழ்ந்தனர். கரும்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இன்றும் நிற்கின்றன. மூன்றாம் குகை பெரிய சைத்தியக் கூடம். அதன் முன்மண்டபத்தின் இருபுறமும் ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் புத்தர் நின்ற திருக்கோலத்தில் காட்சி தருகிறார். பார்வையாளர்களில் பெரும்பாலோர் இங்கே சற்று நின்று வியந்து, படம் எடுத்துக்கொண்டு, மலையுச்சியிலிருந்து தெரியும் இயற்கைக் காட்சிகளை நோக்கிச் சென்றுவிடுகின்றனர்.

வியப்பது தவறன்று. ஆனால் அக்குகைகள் சொல்ல விரும்பிய செய்தி சிலையின் உயரத்தோடு முடிந்துவிடுவதில்லை. குகைகளின் அருகே பாறையில் வெட்டப்பட்ட நீர்த்தொட்டிகள் உள்ளன. அவற்றின் அருகிலும் சுவர்களிலும் பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள் காணப்படுகின்றன. கல்யாண் நகரத்துப் பொற்கொல்லர் ஸ்வாமிதத்தர் ஒரு நீர்த்தொட்டியைத் தானமாக அளித்தார் என்கிறது ஒன்று. அதே கல்யாணைச் சேர்ந்த நந்தர் என்ற கருமான் ஒரு பாதையை அமைத்துத் தந்தார் என்கிறது மற்றொன்று. சாதவாகன மன்னன் வாசிஷ்டீபுத்திர சாதகர்ணியின் அரசியைச் சார்ந்த சதேரகர் என்ற அமைச்சரும் இங்கு நீர்த்தொட்டி ஒன்றையே தானம் செய்திருக்கிறார். மழைக்காலத்தில் துறவியருக்கு ஆடை வழங்க அறக்கட்டளை நிறுவியோரும் உண்டு.

அரண்மனையின் கொடையும் பட்டறையின் கொடையும் ஒரே மலையில், ஒரே வகையான எழுத்தில், ஒரே நோக்கத்தோடு பொறிக்கப்பட்டுள்ளன. தாகத்தோடு வருபவர் தொட்டி யாருடையது என்று கேட்டுவிட்டா நீர் அருந்துவார்? ஆக, கன்ஹேரிக்குச் செல்பவர் புத்தரின் திருவுருவத்தை மட்டும் காணவில்லை. தம் உழைப்பில் ஒரு பகுதியை முகமறியாத மனிதருக்காக ஒதுக்கி வைத்த பொற்கொல்லரையும் கருமானையும் சேர்த்தே காண்கிறார். அல்லது காணத் தவறுகிறார்.

சோபாராவில் கிடைத்த கல்

கன்ஹேரிக்கு வடக்கே, பால்கர் மாவட்டத்தில் உள்ள நாலாசோபாரா இன்று புறநகர் ரயில்களில் நெரிசல் மிகுந்த நிலையமாகவே பலருக்குத் தெரியும். பண்டைக் காலத்தில் இதுவே சூர்ப்பாரகம் என்ற புகழ்பெற்ற துறைமுகம். 1882-ஆம் ஆண்டு அறிஞர் பகவான்லால் இந்திராஜி இங்கு ஒரு பௌத்த ஸ்தூபத்தை அகழ்ந்தார். அசோகரின் எட்டாம் பாறைக் கல்வெட்டின் உடைந்த பகுதி ஒன்றையும் இவ்வூரில் கண்டெடுத்தார். சிதைந்த துண்டே இங்குக் கிடைத்தது எனினும், கிர்நார் முதலிய பிற இடங்களில் உள்ள படிகளின் வாயிலாக அதன் முழுச் செய்தியும் அறியப்பட்டுள்ளது.

அக்கல்வெட்டின் பொருளே யாத்திரைதான். முற்காலத்து மன்னர்கள் விஹார யாத்திரை மேற்கொண்டனர் என்று அது தொடங்குகிறது. விஹார யாத்திரை என்பது இங்கே வேட்டையும் கேளிக்கையும் நிறைந்த உல்லாசப் பயணம். அசோகரோ முடிசூடிப் பத்தாண்டுகள் கழிந்தபோது, புத்தர் ஞானம் பெற்ற சம்போதிக்குச் சென்றார். அது முதல் தர்ம யாத்திரை தொடங்கியது என்கிறது கல்வெட்டு.

தர்ம யாத்திரையில் என்னென்ன நிகழும் என்றும் அது கூறுகிறது. சிரமணர்களையும் அந்தணர்களையும் தரிசித்து அவர்களுக்குத் தானம் அளித்தல், முதியோரைத் தரிசித்து அவர்களுக்குப் பொருள் வழங்குதல், நாட்டுப்புற மக்களைத் தரிசித்து அவர்களோடு தர்மத்தைப் பற்றி உரையாடுதல் ஆகியவை.

இங்கே கவனிக்க வேண்டியது 'தரிசனம்' என்ற சொல். துறவியருக்கும் அதே சொல். முதியோருக்கும் அதே சொல். எளிய கிராமத்து மக்களுக்கும் அதே சொல். பரந்த பேரரசை ஆண்ட ஒருவர் தம் குடிமக்களை 'பார்வையிட்டதாக'ச் சொல்லவில்லை, தரிசித்ததாகச் சொல்கிறார். அவர்களுக்கு அறம் உரைத்ததோடு நில்லாமல், அறத்தைப் பற்றி அவர்களிடம் வினவியதாகவும் குறிப்பிடுகிறார். கேட்பதற்குப் பணிவு வேண்டும். எதிரே இருப்பவரிடம் கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும்.

ஆகவே இருவகை யாத்திரைகளுக்கும் உள்ள வேறுபாடு செல்லும் இடத்தில் இல்லை. சம்போதிக்கே சென்றாலும் அதை விஹார யாத்திரையாக நடத்திவிட முடியும். வழியில் எதிர்ப்படும் மனிதர் அப்பயணத்தில் எந்த இடம் பெறுகிறார் என்பதிலேயே வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இன்பம் குற்றமா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். நூறு சதுர அடி அறையில் ஐந்தாறு பேராக வாழும் தாராவிக் குடும்பம் ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரநிழலில் அமர்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை உண்டு, குழந்தைகள் ஓடி விளையாடுவதைக் கண்டு மகிழ்வதும் குற்றமா? வாரமெல்லாம் உழைத்துக் களைத்தவருக்கு விஹார யாத்திரை கூடாதா?

நிச்சயமாகக் குற்றமில்லை. அசோகரின் கல்வெட்டே இதற்கு விடை தருகிறது. தர்ம யாத்திரையால் தமக்குக் கிடைக்கும் இன்பம் மற்ற இன்பங்களைக் காட்டிலும் மிகுதியானது என்றே அவர் அதில் கூறுகிறார். இன்பத்தைத் துறந்ததாகக் கூறவில்லை. மேலான இன்பத்தைக் கண்டதாகக் கூறுகிறார். ஏழையின் ஓய்வை எள்ளிப் பேசும் ஆன்மீகம் ஆன்மீகமாகாது.

விஹார யாத்திரையின் குறை அதில் மகிழ்ச்சி இருப்பது அன்று. அம்மகிழ்ச்சியின் எல்லை மிகக் குறுகியதாக இருப்பதே. தன் குடும்பத்தின் களிப்பைத் தவிர வேறெதையும் அது அறிவதில்லை. மலைவழியில் வெள்ளரிக்காயும் கொய்யாவும் விற்கும் பெண்ணிடம் பேரம் பேசும் குரலிலும், உண்ட இலையையும் காகிதத்தையும் குகை வாயிலில் எறிந்துவிட்டு வரும் கையிலும் அக்குறுக்கம் வெளிப்படுகிறது. அப்பெண்ணின் நலத்தை விசாரிக்கவோ, குப்பையைப் பையில் எடுத்துவரவோ தனியாக நேரம் தேவையில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே புளியோதரை. ஆயினும் யாத்திரை வேறாகிவிடுகிறது.

பீடிகையைக் கண்டவள் திரும்பினாள்

தமிழில் தோன்றிய பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் இதே உண்மையைக் கதையாகக் காட்டுகிறது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைத் தரிசித்த மணிமேகலைக்குத் தன் முற்பிறப்பு விளங்குகிறது. காப்பியம் அங்கேயே நிறைவுற்றிருக்கலாம். ஞானம் கிடைத்தபின் வேறென்ன வேண்டும்? ஆனால் சீத்தலைச் சாத்தனார் அவ்வாறு முடிக்கவில்லை. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அதை ஏந்தியவாறு அவள் புகாருக்கே திரும்புகிறாள். ஆதிரை இட்ட முதல் பிச்சையால் அது நிறைகிறது. காயசண்டிகையின் தீராப் பசி தீர்கிறது. சிறைக்கோட்டமே அறக்கோட்டமாக மாறுகிறது.

பீடிகையின் தரிசனமும் பசித்தோரின் தரிசனமும் அவளுக்கு இரு வேறு நிகழ்ச்சிகளல்ல. முதலாவது இரண்டாவதில் நிறைவு பெறுகிறது. தீர்த்தமாடுவதைக் காட்டிலும் எங்கும் இறைவனைக் காண்பதே பெரிது என்பது திருநாவுக்கரசரின் உள்ளக்கிடக்கையும் ஆகும். சமயங்கள் வேறு, ஆனால் யாத்திரையின் பயனை அளக்கும் அளவுகோல் ஒன்றே.

தாராவியைக் காண வருவோர்

தாராவிவாசிகள் கன்ஹேரியைக் காணச் செல்வதுபோல், வெளிநாட்டவரும் பிறரும் தாராவியைக் காண வருகின்றனர். 2000-களின் நடுப்பகுதியில் தொடங்கிய தாராவிச் சுற்றுலா, 2008-இல் வெளியான 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படத்துக்குப் பின் மேலும் பெயர்பெற்றது. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைகள், தோல்பொருள் பட்டறைகள், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் கூடங்கள், விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் விற்பனைக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் ஆகிய அனைத்தும் இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் அடங்கியுள்ளன.

எளிய மக்களைக் காண வருவதால் இது தர்ம யாத்திரையாகிவிடுமா? அவ்வாறு முடிவு செய்வதற்கில்லை. வறுமையும் ஒரு காட்சிப்பொருளாகக் கூடும். பிறர் வீட்டு வாயிலில் நின்று அனுமதியின்றி உள்ளே எட்டிப் பார்ப்பவர், வேட்டைக்கு வந்த பழைய மன்னரின் வழியிலேயே செல்கிறார். கையில் வில் இல்லை என்பதே வேறுபாடு. மாறாக, ஒரு குயவரின் முன் அமர்ந்து அவரது தொழிலைப் பற்றிக் கேட்டு, அவர் கேட்கும் கேள்விகளுக்கும் விடையளித்து, ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு விடைபெறுபவர் தரிசனம் பெற்றவராகிறார். காண்பவர் தாமும் காணப்பட இசைய வேண்டும். பார்வைக்கும் தரிசனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இந்த நியாயம் வெளியூராருக்கு மட்டும் உரியதன்று. பௌத்தக் குகைகளைக் காணப் பல மணி நேரம் பயணிக்கும் மாதுங்கா, செம்பூர் அன்பர்களில் எத்தனை பேர், தம் காலை உணவை அவித்துத் தரும் கைகளைக் காணச் சில நிமிடங்கள் நடந்திருப்பார்கள்?

ஒரே மலையின் நீர்

பூங்காவின் காட்டுக்குள் துளசி ஏரியும் விஹார் ஏரியும் உள்ளன. நகரின் குடிநீருக்காக விஹார் நீர்த்தேக்கம் 1860-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அது நிரம்பி வழியும்போது நீர் மீட்டி ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு நகரின் ஊடே ஓடி, தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, குப்பையாலும் ஆக்கிரமிப்பாலும் குறுகிப்போன அந்த ஆறே கரை கடந்து குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

பொற்கொல்லர் ஸ்வாமிதத்தர் மலைமேல் நீரைத் தேக்கிவைத்தது, தாம் என்றும் காணப்போகாத ஒருவரின் தாகத்துக்காக. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நினைப்பதே தர்மத்தின் தொடக்கம். குன்றின் மேல் நிற்கும் யாத்திரிகர் ஒருவர் எறியும் பொருளும், அவர் காத்துத் தரும் தூய்மையும் என்றேனும் ஒருநாள் தாழ்வான பகுதியில் வாழும் மற்றொருவரின் வாயிலைச் சென்றடைகின்றன.

இன்றும் மழைக்காலம் தோறும் கன்ஹேரியின் தொட்டிகள் நிரம்புகின்றன. அருந்துவதற்குத் துறவியர் இல்லை. ஆயினும் அத்தானம் முடிந்துவிடவில்லை. அதன் அருகே ஒரு கணம் நின்று, கருமான் நந்தரின் பாதையை நினைத்து, தம் ஊரின் கருமானை மதிப்புடன் நோக்கும் கண்களோடு மலையிறங்குபவர் எவரோ, அவரிடத்தில் அத்தானம் இன்றும் தொடர்கிறது. அவர் மேற்கொண்டது தர்ம யாத்திரை.