விற்கப் போகும் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா?



வெள்ளிமலையில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர், மகளுடைய நிகாஹ் செலவுக்காக வீட்டை விற்கப் போகிறார். "ஹஜ்ரத், அதற்கு முன்னால் விரிசலைப் பூசி, வெள்ளையடித்து வைக்கலாமா? அது ஏமாற்று ஆகிவிடுமா?" என்று கேட்டார். பலருக்கு இப்படிக் கேட்கவே தோன்றாது.

வெள்ளையடிக்கலாம். குப்பையை அள்ளலாம், கதவுக்கு எண்ணெய் விடலாம். நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும் பாவமல்ல. ஆனால் அந்தச் சுண்ணாம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மதீனா கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்ல என்றும் எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் பதிவான செய்தி. கவனியுங்கள்: நனைந்தது அவர் குற்றமல்ல, மழை அல்லாஹ்வின் செயல். ஈரத்தை அடியில் தள்ளியதுதான் அவர் செயல்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நம் கள்ளக்குறிச்சி மாவட்டமும் மழையில் தவித்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது யாருடைய குற்றமும் இல்லை. அந்தத் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டு, "இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை" என்று சொன்னால், அது நனைந்த தானியத்தை அடியில் தள்ளுவதுதான்.

வாயால் பொய் சொல்லாமலேயே ஏமாற்றும் வழியும் உண்டு. ஒட்டகத்தையும் ஆட்டையும் சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்த பிறகு சந்தைக்கு ஓட்டி வருவார்கள். இதை நபியவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்து, வேண்டாமென்றால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம். இந்தப் பாடத்தில் இமாம் நவவி (ரஹ்) தமது மின்ஹாஜில் இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: வாய்க்கால் தண்ணீரையும் ஆலைத் தண்ணீரையும் தேக்கி வைத்து, விற்கும் நேரத்தில் திறந்து விடுவது. இமாம் மறைந்தது ஹிஜ்ரி 676-ல். இன்று போர்வெல் வற்றிய வீட்டில், ஆள் பார்க்க வரும் காலையில் லாரித் தண்ணீரை இறக்கித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் திறந்து காட்டுகிறோமே, அது வேறு என்ன? திருப்பிக் கொடுக்கும் உரிமையில் ஹனஃபி மத்ஹபின் சட்டம் வேறுபடுகிறது. ஏமாற்றுவது ஹராம் என்பதில் யாருக்கும் வேறுபாடில்லை.

சுவரைவிடப் பத்திரத்தில் மறைப்பது பெரிய அநியாயம். வில்லங்கச் சான்றில் ஏறாத கைக்கடன், பங்கு கொடுக்காத சகோதரி, இவை எந்தப் பெயிண்டிலும் தெரியாது. கல்வராயன் மலையில் இன்னொன்றும் உண்டு. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. தெரிந்தே அதை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குபவர் எதை விற்கிறார்?

"அவர் பார்த்துத்தானே வாங்கினார்?" என்பார்கள். பார்த்தால் தெரிகிற குறைக்கு இந்தப் பதில் சரி. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அந்தக் கடமை மாறலாம். நீதிமன்றத்தில் அந்த எழுத்து காப்பாற்றக்கூடும். மறுமையில் எந்தப் பத்திரத்தைக் காட்டுவோம்?

வீட்டுத் தரகு பார்க்கும் சகோதரர்களும் இந்த ஸஃப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி: ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அங்கே நின்ற வாஸிலா (ரலி) அவர்கள் சற்றுக் கவனிக்காமல் இருந்துவிட்டு, வாங்கியவர் பின்னாலேயே ஓடினார்கள். இறைச்சிக்கா, சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றதும், குளம்பில் ஓட்டை இருக்கிறது, தூரம் போகாது என்றார்கள். வாஸிலாவுக்கு அந்த வியாபாரத்தில் ஒரு திர்ஹமும் பங்கில்லை. வாங்கியவர் திரும்பி வந்தார். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் நொந்துகொண்டார். ஆனாலும் வியாபாரம் முறியவில்லை. விலையில் 100 திர்ஹம் குறைந்தது.