கிணற்றை இறைப்பவர் யார்?



ஊருக்குப் பொதுவாக ஒரு நன்னீர்க் கிணறு இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் எல்லோரும் அதில் தண்ணீர் அள்ளுகின்றனர். எவரும் காசு கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் கோடையிலே கிணற்றை இறைத்து, சேற்றை வாரி, கட்டைச் சீர்செய்பவர் ஒரே ஒருவர். அவரை யாரும் நியமிக்கவில்லை. அவர் கூலி கேட்கவுமில்லை. ஒரு வருடம் அவர் நோயுற்றுப் படுத்துவிடுகிறார். தண்ணீர் கலங்குகிறது. "இந்த மனிசன் இன்னும் ஏன் கிணறு இறைக்கவில்லை?" என்று ஊரார் முணுமுணுக்கத் தொடங்குகின்றனர். இம்முணுமுணுப்பு நியாயமானதா?

விடை எளிது போலத் தோன்றும். ஆனால் இதே வினா இன்று நம் ஒவ்வொருவர் வீட்டினுள்ளும் எழுந்து நிற்கின்றது. நாம்தான் அதைக் காண்பதில்லை. நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளை இயக்கும் மென்பொருட்களிலே முக்கியமான பல, இவ்வாறு பொதுக் கிணறாக வெட்டப்பட்டவை. அவற்றிற் சிலவற்றை இறைத்துக் காப்பவர் ஓரிருவரே.

கிணறு வெட்டிய கதை

கணினிக்கு இன்னதைச் செய் என்று கட்டளையிடும் எழுத்துத் தொகுதியே மென்பொருள். மனிதர் வாசித்துத் திருத்தக்கூடிய அதன் வடிவத்தை மூலநிரல் என்பர். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் றிச்சட் ஸ்ரோல்மன் என்பவர் பணிபுரிந்தார். அவரது ஆய்வுகூடத்து அச்சுப்பொறியிலே அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். பழைய பொறியின் மூலநிரல் கையில் இருந்தபடியால், தாள் சிக்கியதும் காத்திருப்போருக்கு அறிவிக்கும்படி அவர் அதை மாற்றியமைத்திருந்தார். புதிய பொறி வந்தபோது மூலநிரல் வழங்கப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் கேட்டார். பிறருக்குக் கொடுப்பதில்லையென்று வாக்களித்துவிட்டதாகக் கூறி, அவர் மறுத்துவிட்டார்.

அயலவனுக்கு உதவுவதில்லையென்று ஒப்பந்தம் செய்துகொள்வது அறமாகுமா? ஸ்ரோல்மனின் உள்ளத்தை உறுத்திய இக்கேள்வியிலிருந்தே 1983இல் குனூ திட்டம் பிறந்தது. 1989இல் அதற்கென ஒரு பொது உரிமப் பத்திரமும் வெளியாயிற்று. இம்மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் பிறருக்கு வழங்கும்போது தாம் பெற்ற அதே சுதந்திரத்தையும் சேர்த்தே வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். 1991இல் லீனஸ் ரோவால்ட்ஸ் என்ற 21 வயதுப் பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டிலேயே இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. அன்ட்றொயிட் கைத்தொலைபேசிகளின் அடித்தளத்தில் இருப்பது அந்த லினக்ஸே.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால், அங்கே பலர் மயங்குவதுண்டு. தமிழில் அம்மயக்கத்துக்கு இடமில்லை. எனவேதான் நாம் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். ஆயினும் நடைமுறையில் நாம் கண்டது இலவசத்தை மட்டுமே. கட்டில்லை என்றதும் கடமையும் இல்லையென்று எண்ணிவிட்டோம்.

தனித்து விடப்பட்டவர்

இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொற்களையும் வங்கி விபரங்களையும் மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் 2014 ஏப்பிரலில் பெரும் ஓட்டையொன்று வெளிப்பட்டது. உலகின் மாபெரும் வணிகங்கள் அதில் தங்கியிருந்தன. அதற்கு வந்த நன்கொடையோ ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,000 டொலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவர்!

பத்தாண்டுகளின் பின் நடந்தது இதனிலும் வேதனையானது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்-இசற் என்ற சிறு மென்பொருளை ஒருவர் பல்லாண்டுகளாக ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். தாம் நெடுநாளாக உளச் சுகவீனமுற்றிருப்பதையும், இது சம்பளமில்லாத ஓய்வுநேரப் பணி என்பதையும் 2022இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அப்படியிருந்தும், ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிடலாமே என்று சிலர் அவரை நச்சரித்தனர். அதற்குச் சற்று முன்னரே உதவிக்கென்று வந்து சேர்ந்திருந்த ஒருவர், பொறுமையாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 2024 பெப்ரவரியில் வெளியான பதிப்பிலே அவர் கள்ளவாசலொன்றைப் பொதித்துவிட்டார்! நச்சரித்தவர்களும் அவரது கூட்டத்தினரே என்று ஆராய்ந்த பலர் ஐயுறுகின்றனர். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அரைச் செக்கன் கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்த பொறியியலாளர் ஒருவர் காரணத்தைத் துருவிப் பார்த்தமையாலேயே, அவ்வாண்டு மார்ச் இறுதியில் சதி அம்பலமாகி அனர்த்தம் தடுக்கப்பட்டது.

தனித்து விடப்பட்ட ஒரு மனிதனின் களைப்பே வஞ்சகருக்கு வழி திறந்தது. அக்களைப்புக்கு அள்ளிக் குடித்த அனைவரும் பொறுப்பில்லையா?

ஒரு மறுப்பு

"அவர் விரும்பித்தானே கொடுத்தார்? முடியாவிட்டால் விட்டுவிடலாமே!" எனச் சிலர் கூறலாம். சட்டப்படி அது சரியே. உரிமப் பத்திரம் பயனாளரிடம் கைம்மாறு கேட்கவில்லை. கொடுப்பவரும் எவ்வித உத்தரவாதமும் அளிக்கவில்லை. ஆனால் சட்டம் கேளாததெல்லாம் நீதியும் கேளாதது ஆகிவிடுமா? மனச்சாட்சி இல்லாதவன் பிறர் படும் பாட்டைப் பாராமல் இலகுவில் விட்டுப் போய்விடுவான். விடமுடியாமல் தவிப்பவன் மனச்சாட்சி உள்ளவனே. அவனது மனச்சாட்சியையே அவனுக்கு விலங்காக மாட்டி, "இன்னும் செய்" என்று கேட்பது இரட்டை அநீதி. நன்கொடை கொடுத்தவன் நமக்கு வேலைக்காரன் ஆகிவிடுவதில்லை.

நம் கையிலும் வாளி உண்டு

நாமும் வெறுமனே அள்ளியவர்கள் மட்டுமல்லர். 2004 டிசம்பர் 26இல் கடல் நம் கரைகளை அழித்தபோது, இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் 'சகானா' என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். காணாமற் போனோரைப் பதிவுசெய்யவும், முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் ஒழுங்கு செய்யவும் அது உதவியது. 2005 பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அது அங்கும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. சிரமதானம் கணினியிலும் செய்யக்கூடியதே!

ஆகவே, பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ காசு வராத ஒரு மென்பொருளுக்காகக் கண்விழித்தால், வீண்வேலை என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் பிள்ளையின் உடலும் உள்ளமும் களைத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளைஞரே, ஒரு குறையைக் கண்டால் அதைப் பண்போடு அறிவியுங்கள்; முடிந்தால் திருத்தியும் அனுப்புங்கள்; தமிழாக்கத்துக்குக் கைகொடுங்கள். தொழில் நடத்துவோரே, இலவசமாகப் பெற்றதால் வந்த இலாபத்தில் ஒரு பங்கை இறைப்பவருக்கு அனுப்புங்கள். அது பிச்சையன்று, கடன்.

நாளை காலை கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கும்போது அந்தக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் நேற்று இறங்கிச் சேறு வாரியிருக்கிறார். அவர் நலமாயிருக்கிறாரா என்று விசாரிக்க, தண்ணீர் கலங்கும்வரை காத்திருக்க வேண்டுமா?